ஒரே சட்டை போட்டவர்கள்

ஜூன் 6, வெள்ளி

இதெல்லாம் நடக்கும் என்று போன தீபாவளிக்கே நான் சொல்லிவிட்டேன். கடையில் வைத்து, நாலு பேர் முன்னால், "இந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள் நம்மை நட்டாற்றில் விடும்" என்று சொன்னேன். யார் கேட்டார்கள்? இன்று புது பிரிண்டருக்கான சாப்ட்வேரைப் போட்டால், 'உங்கள் ஓஎஸ் பழையது, இதில் ஓடமாட்டேன்' என்று நின்றுகொண்டது. ஓஎஸ் என்றால் கம்ப்யூட்டரையே ஓட்டுகிற சாப்ட்வேர்.

பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. அதனால் நடப்பதை நடந்தபடி தேதி போட்டு எழுதி வைக்கிறேன். நான் ஆவுடையப்பன், வயது ஐம்பத்தெட்டு. ஒன்பதாம் வகுப்போடு படிப்புதான் என்னை விட்டது, நான் அதை விடவில்லை. புளியங்குடியில் முதல் கலர் டிவியைக் கழற்றிப் பார்த்த கை இது. இரண்டாவது டிவி என்று சிலர் சொல்வார்கள். பொறாமை.

கடை என் அக்காள் மகள் மங்கையர்க்கரசியுடையது. எலுமிச்சை மார்க்கெட்டுக்கு எதிரே 'மங்கை கிராபிக்ஸ்'. கல்யாணம், காதுகுத்து எல்லாம் அடிப்போம் என்றாலும் கடை ஓடுவது கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான். தலைப்பிரசவத்துக்குத் தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள். போகும்போது ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"மாமா, சும்மா இருந்து ஆர்டர் மட்டும் எழுதுங்க. கம்ப்யூட்டர்ல ஒண்ணையும் நோண்டிராதிய."

"நான் நோண்டுவனா?" என்றேன்.

"நீங்கதாம் நோண்டுவிய" என்றாள்.

பிள்ளையோடு அவள் திரும்பி வரும்போது புது ஓஎஸ்ஸில் கம்ப்யூட்டர் பளபளவென்று இருக்கும். அப்போது தெரியும் மாமா யார் என்று.

ஜூன் 7, சனி

காலை பத்து மணிக்குப் புது ஓஎஸ் போடும் வேலையைத் தொடங்கினேன். பத்தேகாலுக்கு ஒரு பெட்டி வந்தது: 'இடம் போதாது. இன்னும் இருபது ஜிபி வேண்டும்.'

வேறு ஆளாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பான். நான் டிரைவுக்குள் இறங்கிப் பார்த்தேன். பழைய சாமான் நிறையக் கிடந்தது. ஒவ்வொன்றிலும் தேதி 2009. பதினாறு வருஷக் குப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். நாற்பத்தொரு ஜிபி இடம் வந்துவிட்டது.

இந்தத் தொழிலின் நடைமுறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செத்த அன்று ஒரு போஸ்டர். முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு போஸ்டர். இரண்டாம் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் வந்தால் பெரிது. அதற்குமேல் யாரும் வந்து படம் கேட்பதில்லை. இது நான் கண்ட உண்மை.

ஜூன் 8, ஞாயிறு

முப்பது சதவிகிதத்தில் நின்றுவிட்டது. 'பாதுகாப்புச் சான்றிதழின் தேதி செல்லாது' என்றது. மூன்று தடவை அணைத்துப் போட்டேன். மூன்று தடவையும் அதே இடம், அதே சொல்.

என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். 1-1-2009. கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால், மறுபடியும் 1-1-2009. உள்ளே பொத்தான் அளவில் ஒரு செல் இருக்கும். கரண்டு இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்து எத்தனை வருஷமோ! மங்கை தினமும் கடை சாத்தும்போது மெயினை அணைப்பாள். காலையில் போட்டதும் கம்ப்யூட்டருக்கு மறுபடியும் அதே வருஷப் பிறப்பு. இண்டர்நெட்டுக்கு அவள் போனைத்தான் எடுப்பாள், அதனால் இதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு பெரிய இஞ்சினியர் இரண்டு நாளில் கண்டுபிடிப்பதை நான் இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்தேன்.

வாட்ச் கடையில் செல் வாங்கிப் போட்டேன். இப்போது தேதி மாறாமல் சரியாக நின்றது. மேம்படுத்தல் ஓடத் தொடங்கியது.

அப்புறம்தான் ஒன்று தோன்றியது. தினமும் அதே தேதி என்றால், இந்த மிஷினில் போன வருஷம் செய்ததும் 2009தான். போன மாதம் செய்ததும் 2009தான்.

டீ குடிக்கப் போனேன்.

ஜூன் 9, திங்கள்

நூறு சதவிகிதம். முடித்துவிட்டேன். திரை நீலமாகி, 'வணக்கம்' என்று என்னைப் பார்த்துச் சொன்னது. சொல்லத்தான் வேண்டும்.

பிரிண்டரும் உயிர் பெற்றது. சோதனைக்குக் கடைசியாகச் செய்த அஞ்சலி போஸ்டரைத் திறந்தேன். 'இணைத்த படம் கிடைக்கவில்லை, தொடரலாமா?' என்று கேட்டது. இந்த மாதிரிப் பெட்டிகளுக்கெல்லாம் நான் 'ஆம்' என்றுதான் சொல்வேன். புது பிரிண்டரின் தரத்தைத் தெருவுக்குக் காட்டவேண்டும் என்று பதினேழு காப்பி கொடுத்தேன்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். கடையில் ஆண்களுக்கு ஒரே உடம்புதான். வெள்ளைச் சட்டை, தோளில் ஜரிகைத் துண்டு. பெண்களுக்கு அரக்குப் பட்டு, இரட்டை வடச் சங்கிலி. செத்தவர் லுங்கியோடு நின்ற படத்தைக் கொண்டுவந்தாலும், மங்கை முகத்தை மட்டும் வெட்டி அந்தச் சட்டைக்கு மேலே உட்கார வைப்பாள். பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் செத்த ஆண்கள் எல்லோரும் அந்த ஒரே சட்டையைத்தான் போட்டிருக்கிறார்கள். முகங்கள் மட்டும் தனியாக ஒரு போல்டரில் இருக்கும். 'முகங்கள்' என்றே அதற்குப் பெயர்.

இருந்தது.

பிரிண்டரிலிருந்து சட்டை வந்தது. துண்டு வந்தது. கழுத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம், அதில் குறுக்கே பெருக்கல் குறி. பதினேழு தடவை. மற்ற பைல்களைத் திறந்தேன். அறுநூறுக்கு மேல் இருக்கும். எல்லாம் சட்டை, எல்லாம் சேலை. ஒன்றுக்கும் தலை இல்லை. பிரிண்டர் ஓய்ந்த பிறகு அதற்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். சத்தியமாக இருமினார்கள்.

மேம்படுத்தல் ஓடும்போது இந்த மிஷின் அந்தப் போல்டரைத் தின்றுவிட்டது. புது ஓஎஸ்களுக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

ஜூன் 10, செவ்வாய்

கடை திறக்கவில்லை. தலைவலி.

ஜூன் 11, புதன்

ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஒரு பெண் நின்றாள். செண்பகம். மார்க்கெட்டில் எலுமிச்சை தரம் பிரிக்கிறவள், நாற்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் பழச் சாற்றில் வெளிறிப்போயிருந்தது. அவள் தம்பி பேச்சிமுத்து லோடு ஏற்றுகிறவன். போன வருஷம் லாரி கவிழ்ந்து இறந்துபோனான். இருபத்தாறு வயது.

"இருவதாந் தேதி தம்பிக்கு வருசம் திரும்புது அண்ணாச்சி. மங்கையக்கா போன தடவ போட்டாவ இல்லா, அதே படத்தப் போட்டு இருவத்தஞ்சு போஸ்டர் வேணும்."

"வீட்டுல இருக்கிற படத்தக் கொண்டாங்களேன், இன்னும் தெளிவா ஸ்கேன் எடுத்துருவோம்" என்றேன். என்ன சமயோசிதம் பாருங்கள்.

அவள் பையிலிருந்து ஒரு பிரேமை எடுத்தாள். கண்ணாடி இருந்தது. சட்டை இருந்தது. முகம் இருந்த இடத்தில் மண்.

"சுவரோட கரையான் ஏறிட்டு. வெளிய தெரியவே இல்ல. மால மாத்தலாம்னு எடுத்தா இப்படி இருக்கு."

"போன்ல?"

"அவன் போன் லாரியோட போச்சு. அவங் கூட்டாளிய எல்லார்ட்டயும் கேட்டுட்டேன். படம் எடுக்கப்போனா ஓடிருவான். ஒருத்தன் போன்ல மட்டும் இருக்கு. முதுகு." சிரிக்கப் பார்த்தாள். "லைசென்ஸ்ல இருந்த படத்தத்தாம் அக்கா பெருசாக்குனாவ. லைசென்ஸும் கேசோட போயிட்டு. பரவால்ல, கம்ப்யூட்டர்லதாம் இருக்கே."

நான் ஆர்டர் எழுதிக்கொண்டேன். பெயர், தேதி, இருபத்தைந்து. தேதியை மட்டும் இரண்டு தடவை எழுதிவிட்டேன். காலையில் சாப்பிடவில்லை.

அவள் போன பிறகு மார்க்கெட் சுவரைப் போய்ப் பார்த்தேன். போன வருஷத்துப் போஸ்டர் ஒன்றாவது ஒட்டியிருக்காதா? கோயில் கொடைக்காகச் சுவர் முழுக்க வெள்ளை அடித்திருந்தார்கள்.

ஜூன் 12, வியாழன்

மங்கைக்குப் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. மூக்கு என் மூக்கு.

"கடை எப்படி இருக்கு மாமா?" என்று போனில் கேட்டாள்.

"கடைக்கு என்ன?"

"கொரல் ஒரு மாதிரி இருக்கு. எதையும் நோண்டுனியளா?"

"ஏட்டி, பிள்ளையப் பாரு" என்று வைத்துவிட்டேன்.

அழிந்த பைல்களை மீட்கும் சாப்ட்வேர் ஒன்றை ராஜபாளையம் போய்ப் பென்டிரைவில் வாங்கி வந்தேன். இரவு பகலாக ஓடுகிறது. அழித்தாலும் பைல் உடனே போய்விடாதாம். அது இருந்த இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்காரும்வரை அங்கேயேதான் கிடக்குமாம். புது ஓஎஸ் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறதோ, அங்கேயெல்லாம் முகம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

நூற்று எண்பத்தாறு முகங்களை மீட்டுவிட்டேன்! இந்த மாவட்டத்தில் வேறு யாராலும் முடிந்திருக்காது.

ஒரு சின்னக் குறை. பெயர்கள் வரவில்லை. 1, 2, 3 என்று நம்பர்தான். சிலர் முழுசாக இருக்கிறார்கள். சிலருக்கு மூக்குக்குக் கீழே சாம்பல். ஒருவருக்கு ஒரு காதும் ஒரு கண்ணும் மட்டும். இருபத்தைந்து வயது மதிக்கும்படி ஒன்பது பையன்கள். பேச்சிமுத்து இதில் யார்? நான் அவனைத் தெரிந்தவன்தான், மார்க்கெட்டில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன், ஆனாலும் சட்டென்று பிடிபடவில்லை.

ஒன்பதில் நல்லதாக ஒன்றை எடுத்துச் சட்டைக்கு மேல் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். அடுத்ததை வைத்தேன். அதையும் எடுத்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

செண்பகத்தை வரச் சொல்லி, ஸ்டூலைப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். "நம்பர் கொஞ்சம் மாறிட்டு. தம்பி வந்ததும் சொல்லும்மா" என்றேன்.

ஒவ்வொன்றாகத் தட்டினேன். நான் நினைத்தது, அவள் 'இல்லை, இல்லை' என்று தலையாட்டிக்கொண்டே போவாள் என்று. அவள் அப்படிச் செய்யவில்லை.

"இது லைன்மேன் வேலாண்டி. மழையில கரண்டு போனா முனங்கிக்கிட்டே வருவாரு."

"சரிம்மா. அடுத்தது."

"பேர் எழுதல? எழுதுங்க அண்ணாச்சி. ஒங்களுக்கு நம்பர்தான இருக்கு."

எழுதினேன்.

"இந்தக்கா இட்லிக்கடை ராமாத்தா. சட்னில உப்புக் கூடன்னா கரண்டியத் தூக்கிருவா. இவரு பேர் தெரியல. தினமும் ரெண்டு பழம் வாங்குவாரு. ரெண்டையும் மோந்து பாத்துட்டு ஒண்ணத் திருப்பி வச்சிருவாரு. அப்படியே எழுதுங்க, 'மோந்து பாக்கிறவரு'ன்னு."

"எல்லாரையும் தெரியுமா ஒனக்கு?"

"பழம் வாங்காம யாரு இருக்கா?"

சாம்பலில் பாதி கரைந்தவர்களைக்கூட அடையாளம் சொன்னாள். ஒரு காதையும் ஒரு கண்ணையும் பார்த்துவிட்டு, "அய்யோ, தையக்கார அந்தோணி" என்றாள். மூன்று மணி நேரம். நூற்று முப்பது பெயருக்கு மேல் வந்துவிட்டது. நடுநடுவே சிரித்தோம்கூட. கடை நிறைய ஆள் இருக்கிற மாதிரி இருந்தது. தட்டிவிட்டதும் போனவர்கள் போகாமல் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வது மாதிரியும் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

நூற்று எண்பத்தாறாவது ஒரு கிழவர். அதற்குப் பிறகு தட்டினால் முதலாவது வந்தது, லைன்மேன் வேலாண்டி.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா அண்ணாச்சி?"

"அவ்வளவுதாம்மா. மிஷின் தின்னுட்டு."

"மிஷின் தானாத் திங்குமா?"

எதிரே மார்க்கெட்டில் ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இங்கே முக்கியமில்லை. அவள் மண் பிடித்த பிரேமை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

வந்துவிட்டாள். காலையிலேயே. ஸ்டூலை அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கண்ணுக்குள்ள இருக்கான். நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. படம் இருக்கிற எடத்துல எழுத்தப் போடுங்க."

"போஸ்டர்ல அப்படி யாரும் போடமாட்டாவம்மா."

"அழிச்சது நீங்கதான? அப்ப நீங்கதாம் எழுதணும். ஒண்ணு சொல்லிட்டேன், நீங்களா ஒண்ணும் சேக்கப்படாது. நீங்க எதுக்கும் கையி காலு வச்சிருவியன்னு மார்க்கெட்டுக்கே தெரியும்."

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். முன்நெற்றியில் சுழி, அதனால் வகிடு நிற்காது. வலது புருவத்தில் வெட்டு. ஆறு வயதில் கிணற்றுப் படியில் விழுந்தது. காது இரண்டும் கொஞ்சம் முன்னால் பார்க்கும். மேல்பல் ஒன்று முனை உடைந்தது. சோடா பாட்டிலை வாயால் திறந்தான். மீசை இல்லை, வைத்தால் திருடன் மாதிரி இருக்கிறாய் என்று இவள்தான் சொன்னாளாம்.

சொல்வதற்கு நடுவே அவ்வப்போது தன் முகத்தைத் தடவிக்கொண்டாள், அங்கே அவன் இருக்கிற மாதிரி.

"சிரிச்சா எப்படி இருப்பான்?" என்று கேட்டேன்.

வாயைத் திறந்தவள் நின்றுவிட்டாள். கண்ணை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். அந்த முகத்தில் ஒரு பயம் வந்தது. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்த மாதிரி. ரொம்ப நேரம் கழித்து, "சிரிக்கும்போது எடது கண்ணு கொஞ்சம் முந்தி மூடும்" என்றாள். அதையும் அடித்துக்கொண்டேன். ஆறு வரி ஆனது.

சட்டையையும் எடுத்துவிடச் சொன்னாள். "அது அவன் சட்ட இல்ல அண்ணாச்சி."

ஜூன் 17, செவ்வாய்

புரூப் காட்டினேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி விரல் வைத்துப் படித்தாள். ஆறாவது வரியில் விரல் நின்றது. அடுத்த கடையில் மிக்ஸி ஓடி நிற்கும்வரை அங்கேயே நின்றது. அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "அடிச்சிருங்க" என்றாள்.

மங்கையிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பின்னால் குழந்தை அழுதது. "எத்தன போச்சு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். வைத்துவிட்டாள்.

ஜூன் 20, வெள்ளி

விடிவதற்குள் நானே பசை காய்ச்சி நானே ஒட்டினேன். மார்க்கெட் சுவரில் ஆறு, பஸ் ஸ்டாண்டில் நாலு, மீதி அவள் தெருவில்.

அஞ்சலி போஸ்டரை யாராவது நின்று பார்த்திருக்கிறார்களா? நடந்துகொண்டே முகத்தைப் பார்ப்பார்கள், 'அடடே' என்பார்கள், போய்விடுவார்கள். இன்று நின்றார்கள். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றார்கள். படிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்குப் படித்துக் காட்டினான். நூறு பேர் கூடினார்கள். சரி, பதினைந்து பேர்.

"சோடா பாட்டில்! நான்தாம்ல பக்கத்துல நின்னேன்" என்றான் ஒருவன்.

"ஆமா, சிரிச்சா எடது கண்ணு முந்தி மூடும்" என்றான் இன்னொருவன், லோடுமேன் பரமன். "இப்படி." செய்து காட்டினான். சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பையன், "இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் இழுத்தாப்ல மூடும்" என்று தானும் செய்து காட்டினான்.

நான் பசை வாளியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று செண்பகம் வந்தாள். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான் வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒரு வருசமா கண்ண மூடுனா அவன் சும்மா நிப்பான் அண்ணாச்சி. லைசென்ஸ்ல நிக்கிற மாதிரியே. இப்பச் சிரிக்கான்." தன் இடது கண்ணை மெதுவாக மூடிக் காட்டினாள். "இந்தா, இப்படி. கூடப் பொறந்தவளுக்கே மறந்து போச்சே, பாத்தியளா?"

"நல்லதும்மா" என்றேன்.

அவள் போன பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கறுப்புத் திரையில் ஒரு பையன் தெரிகிறான். நெற்றியில் சுழி, புருவத்தில் வெட்டு. அவனும் அந்தக் கண்ணை மூடுகிறான்.

இந்த நோட்டில் அங்கங்கே கொஞ்சம் கூட்டி எழுதியிருப்பேன், அது என் வழக்கம். ஆனால் ஜூன் 15-இல் ஒன்று எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் திருத்திவிடுகிறேன். ரொம்ப நேரம் கழித்து அவள் சொன்னது அது இல்லை. "தெரியல அண்ணாச்சி. சிரிப்பு வரமாட்டேங்கு. அந்த வரி வேண்டாம், விட்ருங்க" என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து முகம் கழுவப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் இடது கண் வரியை நானாகச் சேர்த்து அடித்தேன்.

பேச்சிமுத்துவை நான் பார்த்ததே இல்லை.